ஹைவேயில் 80-ஐத் தாண்டினா ஹேண்டில் ஆடுதா? பைக் 'வாபிள்' ஆவது ஏன்... அந்த 3 நொடியில் என்ன செய்யணும்?

பண்டிகைக்கு ஊருக்குப் போகணும். பஸ்ல டிக்கெட் இல்லை, ரயில்ல வெயிட்டிங் லிஸ்ட். "சரி, பைக்லயே போயிடலாம்" என்று முடிவு செய்கிறீர்கள். பின் சீட்டில் பெரிய பேக், அதுக்கு மேல ஒரு ஸ்வீட் பாக்ஸ், ரப்பர் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியாச்சு. தாம்பரம், செங்கல்பட்டு நெரிசல் எல்லாம் தாண்டி ரோடு விரிகிறது. ஸ்பீடோமீட்டர் முள் 85-ஐத் தொடுகிறது.

மேம்பாலம் ஆரம்பிக்கும் இடத்தில் உள்ள இணைப்பில் 'டொக்' என்று ஒரு சின்ன அதிர்வு. அடுத்த நொடியே ஹேண்டில் தானாக இடம், வலம், இடம், வலம் என்று உதற ஆரம்பிக்கிறது. கை இறுக்கிப் பிடித்தாலும் நிற்கவில்லை. கால் தன்னாலே பிரேக்கைத் தேடுகிறது.

80 கி.மீ. வேகத்தில் ஒரு பைக் ஒரு நொடிக்கு சுமார் 22 மீட்டர் போகிறது. என்ன செய்யலாம் என்று நீங்கள் யோசிக்கும் 3 நொடிக்குள் 67 மீட்டர் கடந்திருக்கும். அதனால், என்ன செய்யணும், என்ன செய்யக்கூடாது என்பது வண்டி ஆடுவதற்கு முன்பே நம் மண்டைக்குள் இருக்க வேண்டும்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் உயிரிழந்தவர்கள் 1,68,491 பேர். அதில் சுமார் 44.5 சதவீதம் பேர் டூவீலரில் போனவர்கள். இது எல்லாமே பைக் ஆடியதால் நடந்தது அல்ல. ஆனால் டூவீலரில் போகிறவருக்கு ஒரு சின்னத் தடுமாற்றமே எவ்வளவு பெரிய விலை வைக்கும் என்பதை இந்த எண் காட்டுகிறது.

சுருக்கமாக 5 விஷயங்கள்:

• ஆட்டம் வந்தால் திடீர் பிரேக் பிடிக்கக் கூடாது.
• வேகத்தைக் கூட்டி ஆட்டத்தைத் தாண்டிவிடலாம் என்று நினைக்கக் கூடாது.
• ஹேண்டிலோடு மல்லுக்கட்டக் கூடாது. உறுதியாக, ஆனால் தளர்வாகப் பிடிக்க வேண்டும்.
• உடம்பை முன்னோக்கிச் சாய்த்து, ஆக்சிலரேட்டரைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.
• பெரும்பாலான ஆட்டங்களுக்குக் காரணம் டயர் காற்று, பின்பக்க லோடு, தேய்ந்த பேரிங். மூன்றுமே முன்கூட்டியே சரிசெய்யக் கூடியவை.

இனி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஓடும் பைக் விழாமல் இருப்பது எப்படி?

நிறுத்தி வைத்த பைக் ஸ்டாண்ட் இல்லாமல் நிற்காது. அதே பைக் 40 கி.மீ. வேகத்தில் போகும்போது அசைத்தாலும் விழாது. ஏன்?

ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சரின் சக்கரத்தைக் கவனித்திருப்பீர்கள். நாம் எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அந்தப் பக்கம் அது தானாகத் திரும்பிக்கொள்ளும். காரணம், சக்கரம் தரையைத் தொடும் இடம், அது திரும்பும் அச்சுக்குக் கொஞ்சம் பின்னால் இருக்கிறது. பைக்கின் முன் சக்கரமும் அதே மாதிரிதான். சாய்ந்திருக்கும் ஃபோர்க்கின் திருப்பு அச்சை ஒரு கோடாகத் தரைவரை நீட்டினால், அது டயர் தரையைத் தொடும் இடத்துக்கு முன்னால் போய் முட்டும். இந்த இடைவெளிக்கு 'டிரெயில்' என்று பெயர். பொதுவாக சாலை பைக்குகளில் இது 10 சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும்.

இந்த டிரெயிலால்தான் பைக் இடப்பக்கம் சாய்ந்தால் முன் சக்கரமும் தானாக இடப்பக்கம் திரும்புகிறது. திரும்பியதும் சக்கரங்கள் மறுபடி எடைக்கு நேர் கீழே வந்துவிடுகின்றன. வண்டி நிமிர்கிறது. சுழலும் சக்கரத்தின் கைரோஸ்கோப் விளைவும், எடை எங்கே இருக்கிறது என்பதும் இதற்கு உதவுகின்றன.

"கைரோஸ்கோப்தான் எல்லாத்துக்கும் காரணம்" என்று பள்ளியில் படித்த ஞாபகம் பலருக்கு இருக்கும். ஆனால் 2011-ல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த ஆய்வு 'சயின்ஸ்' இதழில் வந்தது. கைரோஸ்கோப் விளைவும் டிரெயிலும் இல்லாமலேயே தானாக நிமிர்ந்து ஓடும் ஒரு சைக்கிளை அவர்கள் செய்து காட்டினார்கள். ஆக, இரு சக்கர வண்டியின் நிலைத்தன்மை ஒரே ஒரு காரணத்தில் நிற்பது இல்லை. பல விஷயங்களின் கூட்டணி அது. கூட்டணியில் ஒருத்தர் சொதப்பினாலும் ஆட்டம் வரலாம்.

ஆட்டத்தில் இத்தனை வகையா?

1971-ல் ராபின் ஷார்ப் என்ற பிரிட்டன் பொறியியல் ஆய்வாளர், பைக்கின் அசைவுகளைக் கணக்கு போட்டு மூன்றாகப் பிரித்தார். இன்றைக்கும் பைக் வடிவமைப்பாளர்கள் இந்த மூன்று பெயர்களைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

முதலாவது 'கேப்சைஸ்'. வண்டி மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே போவது. இதை நாம் யோசிக்காமலே ஹேண்டிலைச் சின்னதாக அசைத்துச் சரிசெய்து விடுகிறோம். பயப்பட ஒன்றும் இல்லை.

இரண்டாவது 'வாபிள்'. பைக்கின் உடம்பு பெரிதாக அசையாது. ஹேண்டிலும் முன் சக்கரமும் மட்டும் வேகமாக உதறும். ஒரு நொடிக்குச் சுமார் 4 முதல் 10 தடவை வரை. பாரமான முன்பகுதி கொண்ட பைக்கில் கொஞ்சம் மெதுவாக, இலகுவான பைக்கில் வேகமாக இருக்கும். இது முற்றிப்போய் ஹேண்டில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு அடிக்க ஆரம்பித்தால் அதுதான் 'டேங்க் ஸ்லாப்பர்'. ஹேண்டில் பெட்ரோல் டேங்கை அறைவது போல இருப்பதால் அந்தப் பெயர்.

மூன்றாவது 'வீவ்'. இதில் மொத்த வண்டியும் பாம்பு மாதிரி நெளியும். பின்பக்கம் யாரோ பிடித்து இழுத்து ஆட்டுவது போலத் தோன்றும். ஒரு நொடிக்கு 2 முதல் 4 தடவை. வேகம் கூடக் கூட இந்த நெளிவு அடங்குவது கஷ்டம் ஆகிறது.

உங்களுக்கு எது வருகிறது என்று தெரிந்தால் எங்கே பார்க்க வேண்டும் என்பது பாதி தெரிந்துவிடும். ஹேண்டில் மட்டும் உதறினால் முதலில் முன்பக்கத்தைப் பாருங்க. மொத்த வண்டியும் நெளிந்தால் பின்பக்கத்தைப் பாருங்க.

சின்ன குலுக்கல் பெரிய ஆட்டமாவது எப்படி?

குழந்தையை ஊஞ்சலில் ஆட்டும்போது, ஊஞ்சல் திரும்பி வரும் சரியான நேரத்தில் லேசாகத் தள்ளினால் போதும், உயரம் கூடிக்கொண்டே போகும். தள்ளாமல் விட்டால் கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கும்.

பைக்கின் முன் சக்கரமும் ஒரு ஊஞ்சல்தான். ரோட்டில் ஒரு சின்ன மேடு அதை ஒரு பக்கம் தள்ளும். டிரெயில் அதை நடுவுக்குக் கொண்டுவரும். கொண்டுவரும் வேகத்தில் சக்கரம் மறுபக்கம் கொஞ்சம் தாண்டிப் போகும். நல்ல நிலையில் இருக்கும் பைக்கில் இந்த அசைவு இரண்டு மூன்று தடவையில் அடங்கிவிடும். நமக்குத் தெரியக்கூடத் தெரியாது. டயரோ பேரிங்கோ சரியில்லாத பைக்கில் அடங்க வேண்டிய அசைவு அடங்காமல் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வளர்கிறது. அதுதான் வாபிள்.

"60-ல மட்டும் ஆடுது, அப்புறம் சரியாயிடுது. அது எப்படி?" என்று பலர் கேட்பார்கள். ஒரு சின்ன கணக்கு போட்டால் புரிந்துவிடும். 17 இன்ச் ரிம் உள்ள சாதாரண பைக்கின் முன் சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் சுமார் 1.9 மீட்டர் போகும். 60 கி.மீ. வேகத்தில் பைக் ஒரு நொடிக்கு 16.7 மீட்டர் போகிறது. அப்படின்னா சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ 9 தடவை சுற்றுகிறது. வாபிளின் துடிப்பும் நொடிக்கு 4 முதல் 10 தடவைதான். ஆக, சக்கரத்தில் பேலன்ஸ் இல்லை, ரிம் கொஞ்சம் கோணலாக இருக்கிறது, டயர் சரியாக உட்காரவில்லை என்றால், அந்த வேகத்தில் அது ஒவ்வொரு சுற்றிலும் ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிவிடுகிறது. வேகம் கூடியதும் தாளம் தப்பிவிடும், ஆட்டம் குறைந்த மாதிரி தெரியும்.

ஆனால் கோளாறு போகவில்லை. ஊருக்குப் போய்ச் சேர்ந்து வேகத்தைக் குறைக்கும்போது மறுபடி அதே 60-ல் வந்து நிற்கும். வேகம் குறையும் நேரத்தில் ஒரு கையை எடுத்துவிட்டு ஓட்டும்போதுதான் பலர் இதை முதலில் கவனிக்கிறார்கள். அதற்காக "இருக்கா இல்லையா பார்ப்போம்" என்று ஓடும் பைக்கில் இரண்டு கையையும் எடுத்துச் சோதிக்காதீங்க. நிறுத்தி வைத்தே சோதிக்க வழி இருக்கு, கீழே சொல்கிறோம்.

வேகம் கூடினால் காற்று என்ன செய்யும்?

காற்றின் தடை வேகத்தோடு நேராகக் கூடுவதில்லை, அதன் வர்க்கமாகக் கூடுகிறது. 60-லிருந்து 100-க்குப் போனால் வேகம் ஒன்றே முக்கால் மடங்குக்கும் குறைவாகத்தான் கூடியிருக்கும். காற்று உங்களை நெஞ்சில் தள்ளும் விசையோ சுமார் 2.8 மடங்கு ஆகிவிடும்.

இந்தத் தள்ளு விழுவது உங்கள் நெஞ்சிலும் ஹெட்லைட் பகுதியிலும். டயரோ கீழே தரையில் இருக்கிறது. மேலே பின்னோக்கித் தள்ளினால் வண்டியின் எடை பின் சக்கரத்துக்கு நகரும், முன் சக்கரம் லேசாகும். அதோடு பின் கேரியரில் டாப் பாக்ஸ், இரண்டு பக்கமும் பேக், பின்னால் ஒரு ஆள் என்றால் முன் சக்கரம் இன்னும் லேசாகும். தரையை அழுத்திப் பிடிக்காத முன் டயர், சின்ன குலுக்கலுக்கே ஆட ஆரம்பிக்கும்.

டாப் பாக்ஸில் இன்னொரு சிக்கலும் உண்டு. அது பின் சக்கரத்தின் அச்சுக்கும் பின்னால், உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. நீளமான கோலின் நுனியில் எடை கட்டி ஆட்டினால் நிறுத்துவது எவ்வளவு கஷ்டமோ அதே கதைதான். வீவ் வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதனால்தான் பாக்ஸ் தயாரிப்பாளர்கள் எத்தனை கிலோ வரை, எந்த வேகம் வரை என்று எழுதி வைக்கிறார்கள். நாம் அதைப் படிப்பதில்லை.

கம்பெனி பைக்கிலேயே இந்தப் பிரச்னை வருமா?

வந்திருக்கிறது. 1997-ல் சுசுகி நிறுவனம் டிஎல்1000எஸ் என்ற 1000 சிசி பைக்கை வெளியிட்டது. பலமான இன்ஜின், இலகுவான வண்டி. ஆனால் பிரிட்டனில் அதை வாங்கியவர்களிடமிருந்து ஹேண்டில் பயங்கரமாக உதறுவதாகப் புகார்கள் வந்தன, விபத்துகளும் நடந்தன. கடைசியில் நிறுவனம் பைக்குகளைத் திரும்ப அழைத்து, ஹேண்டில் அசைவைக் கட்டுப்படுத்தும் 'ஸ்டீயரிங் டேம்பர்' என்ற கருவியைப் பொருத்திக் கொடுத்தது.

நம் ஊரில் ஓடும் 100 சிசி, 150 சிசி பைக்குகள் அந்த ரகம் இல்லை. அவை வடிவமைப்பிலேயே நிதானமானவை. ஆகவே உங்க பைக் வாங்கிய புதிதில் ஆடாமல் இருந்து இப்போது ஆடுகிறது என்றால், ஏதோ ஒன்று தேய்ந்திருக்கிறது, தளர்ந்திருக்கிறது, அல்லது நாமே ஏதோ ஒன்றை மாற்றியிருக்கிறோம்.

அப்போ குற்றவாளி யார்?

டயர் காற்று: முதல் சந்தேகம் எப்பவும் இதுமேலதான். காற்று குறைந்த டயர் பக்கவாட்டில் நெளியும். பின் டயரில் குறைந்தால் வண்டியே மிதப்பது போல இருக்கும். எவ்வளவு வைக்க வேண்டும் என்பது உங்க பைக்கின் செயின் கவர் அல்லது ஸ்விங் ஆர்ம் பக்கம் ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் இருக்கும். தனியாகப் போக ஒரு அளவு, பின்னால் ஆள் இருந்தால் வேறு அளவு. டயர் சூடாகும் முன் பார்ப்பதுதான் சரியான கணக்கு. 100 கி.மீ. ஓட்டிவிட்டு பங்க்கில் பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும், "அதிகமா இருக்கே" என்று திறந்துவிட்டால் குளிர்ந்ததும் குறைந்துவிடும்.

டயர் தேய்மானம்: நேர் ரோட்டிலேயே ஓடும் டயர் நடுவில் மட்டும் தட்டையாகத் தேயும். வட்டமாக இருக்க வேண்டிய டயர் சதுரமாகிவிடும். சாயும்போது ஒரு விளிம்பில் ஏறி இறங்குவது போல ஒரு உதறல் வரும். பட்டன் நிறைய இருக்கே என்று பார்க்காமல், டயரின் வடிவத்தையும் பாருங்க.

கோன் செட்: ஹேண்டில் திரும்புவதற்காக ஃப்ரேமின் கழுத்துப் பகுதியில் மேலேயும் கீழேயும் இருக்கும் பேரிங். குண்டும் குழியுமான ரோட்டில் ஓடி ஓடி, நேராகப் போகும் நிலையில் மட்டும் பால்கள் பள்ளம் போட்டுவிடும். தளர்வாக இருந்தாலும் ஆபத்து, ரொம்ப டைட் வைத்தாலும் ஆபத்து. டைட்டாக இருந்தால் ஹேண்டில் சின்னச் சின்னத் திருத்தங்களைச் செய்ய முடியாமல் வண்டி நெளியும்.

ஸ்விங் ஆர்ம் புஷ், வீல் பேரிங்: பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கையில் ஆட்டம் இருந்தால், முன் சக்கரம் ஒரு திசையிலும் பின் சக்கரம் வேறு திசையிலும் போகப் பார்க்கும்.

பின் சக்கர நேர்மை: செயின் டைட் வைக்கும்போது இரண்டு பக்க அட்ஜஸ்டரும் ஒரே கோட்டில் இல்லாவிட்டால் பின் சக்கரம் கோணலாக நிற்கும். ரோட்டோரக் கடையில் அவசரத்தில் செயின் டைட் வைத்தபின் பைக் ஒரு பக்கம் இழுத்தால் இதைத்தான் சந்தேகப்படணும்.

நாம் செய்த மாற்றம்: கம்பெனி அளவைவிட அகலமான டயர், மாற்றிய ஹேண்டில், ஹேண்டிலோடு திரும்பும் பெரிய வைசர், ஹேண்டிலில் தொங்கவிட்ட பை. பார்க்க கெத்தாக இருக்கலாம். ஆனால் வடிவமைத்தவர் போட்ட கணக்கில் இது எதுவும் இல்லை.

பைக் நல்லா இருக்கு, ஆனாலும் ஆடுதே?

அப்போ வெளியே பாருங்க. காற்று!

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போகும் நான்குவழிச் சாலையில் காவல்கிணறு, முப்பந்தல், ஆரல்வாய்மொழி பகுதியைக் கடந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் தெற்கு முனையில் உள்ள இடைவெளி வழியாகக் காற்று பீறிட்டு வருகிறது. நாட்டின் மிகப் பெரிய காற்றாலைத் தொகுப்புகளில் ஒன்று அங்கே இருப்பதற்கே அதுதான் காரணம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே பைக் ஓட்டுவது தனி அனுபவம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று கோவை, பல்லடம், உடுமலைப் பக்கமும் இதே வேலையைக் காட்டும். பாம்பன் சாலைப் பாலத்திலும் கடல் காற்று பக்கவாட்டில் அறையும்.

பக்கக் காற்றில் ஆபத்து நிலையான காற்று அல்ல. அது திடீரென்று நிற்பதும், திடீரென்று அடிப்பதும்தான். காற்றை எதிர்த்துச் சாய்ந்து போய்க்கொண்டிருக்கிறீர்கள். பக்கத்தில் ஒரு லாரி வந்து காற்றை மறைக்கிறது. சாய்ந்த உடம்பு லாரியின் பக்கம் போகிறது. லாரியைத் தாண்டியதும் காற்று மறுபடி அறைகிறது. வண்டி எதிர்ப்பக்கம் தள்ளப்படுகிறது.

ஆம்னி பஸ் நம்மை ஓவர்டேக் செய்யும்போதும் இதேதான். பஸ்ஸின் மூக்கு முதலில் காற்றைத் தள்ளி நம்மை ரோட்டின் ஓரத்துக்கு ஒதுக்கும். பஸ்ஸின் உடம்பு கடக்கும்போது உள்ளே இழுக்கும். கண்ணாடியில் பெரிய வண்டி வருவது தெரிந்தால் ஓரக் கோட்டை ஒட்டி ஓட்டாமல், இரண்டு பக்கமும் நகர இடம் வைத்துக்கொண்டு, தோளையும் முழங்கையையும் தளர்த்திக்கொள்ளுங்க.

காற்று இடப்பக்கமிருந்து தள்ளினால், இடது கைப்பிடியை லேசாக முன்னோக்கித் தள்ளுங்கள். பைக் இடப்பக்கம், அதாவது காற்றை எதிர்த்துச் சாயும். கேட்க விசித்திரமாக இருக்கும். ஆனால் 30, 40 கி.மீ. வேகத்துக்கு மேல் நாம் எல்லோரும் தெரியாமலேயே இப்படித்தான் பைக்கைத் திருப்புகிறோம்.

இன்னொன்று, தார் போடுவதற்காகச் சுரண்டி வைத்திருக்கும் ரோடு. நீளவாக்கில் கோடு கோடாக இருக்கும். டயர் அந்தக் கோடுகளுக்குள் சிக்கி வண்டி நெளியும். அது வாபிள் இல்லை. பயந்து பிரேக் பிடிக்காமல், வேகத்தைக் குறைத்து நேராகப் போனால் போதும்.

ஆட்டம் வந்துவிட்டது. இப்போ என்ன செய்யணும்?

அமெரிக்க மாநிலங்கள் பைக் லைசென்ஸ் எடுப்பவர்களுக்குத் தரும் கையேடுகளில் இதற்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. அவை சொல்லும் வழிமுறையின் சாரம் இது.

1. ஹேண்டிலை உறுதியாகப் பிடிங்க, ஆனால் அதோடு சண்டை போடாதீங்க. நொடிக்கு 8 தடவை உதறும் ஒன்றை நம் கை துரத்திப் பிடிக்க முடியாது. நாம் இடப்பக்கம் தள்ளும்போது அது ஏற்கெனவே வலம் போய்த் திரும்பியிருக்கும். நம் தள்ளுதல் ஊஞ்சலைத் தள்ளுவதாகவே முடியும்.

2. ஆக்சிலரேட்டரைப் படிப்படியாக மூடுங்க. படக்கென்று விடாதீங்க.

3. பிரேக் பக்கம் போகாதீங்க. உதறிக்கொண்டிருக்கும் முன் டயரின் பிடிமானம் ஏற்கெனவே பாதி செலவாகியிருக்கும். அதிலேயே பிரேக்கையும் ஏற்றினால் ஆட்டம் கூடும், டயர் வழுக்கும்.

4. எடையை முடிந்தவரை முன்னால், கீழே கொண்டுவாங்க. டேங்க் மேல் குனிந்து, முழங்காலால் டேங்க்கை இறுக்கிப் பிடிங்க. லேசாகிப் போன முன் சக்கரத்துக்கு எடை கிடைக்கும், நெஞ்சில் விழும் காற்றும் குறையும்.

5. பின்னால் இருப்பவர் அசையாமல், உங்களோடு ஒட்டி உட்காரணும். பயத்தில் எட்டிப் பார்த்தாலோ பின்னால் சாய்ந்தாலோ நிலைமை மோசமாகும். கிளம்பும் முன்பே இதைச் சொல்லிவிடுங்க.

6. ஆட்டம் நின்றதும் "சரியாயிடுச்சு" என்று மறுபடி 90-ஐத் தொடாதீங்க. ஓரமாக நிறுத்துங்க. டயரைத் தொட்டுப் பாருங்க, லோடு சரிந்திருக்கிறதா பாருங்க. காரணம் தெரியாவிட்டால் மெக்கானிக்கிடம் போகும்வரை மெதுவாகவே ஓட்டுங்க.

"ஸ்பீடு ஏத்தினா ஆட்டம் நின்னுடும்" என்ற யோசனை பலரிடம் உண்டு. அதே கையேடுகள் இதைத் தெளிவாக மறுக்கின்றன. வேகம் கூடினால் வண்டி இன்னும் நிலை இழக்கும். ஒருவேளை ஆட்டம் அடங்கினாலும், 80-ல் நடந்திருக்க வேண்டியது 110-ல் நடக்கும் அபாயத்தைத்தான் வாங்கியிருப்பீர்கள்.

வீட்டு வாசலிலேயே 10 நிமிட சோதனை

லாங் டிரைவுக்கு முந்தைய நாள் இதைச் செய்து பாருங்க. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, ஒருவர் பின்பக்கத்தை அழுத்தி முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிப் பிடிக்க வேண்டும்.

• ஹேண்டிலை மெதுவாக ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்புங்க. நேர் நிலையில் வந்து 'டக்' என்று உட்கார்ந்தால் கோன் செட் போயிடுச்சு என்று அர்த்தம்.

• ஃபோர்க்கின் கீழ்ப் பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்க. 'டக் டக்' என்று இடைவெளி தெரிந்தால் கோன் செட் தளர்ந்திருக்கிறது.

• சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஃபோர்க்குக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியைக் கவனிங்க. கூடிக் குறைந்தால் ரிம் கோணல். ஸ்போக் வீல் என்றால் ஒவ்வொரு கம்பியையும் ஸ்பேனரால் தட்டிப் பாருங்க. ஒன்று மட்டும் மந்தமாகச் சத்தம் தந்தால் அது லூஸ்.

• பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் பிடித்து ஆட்டுங்க. ஆட்டம் தெரிந்தால் வீல் பேரிங் அல்லது ஸ்விங் ஆர்ம் புஷ்.

• செயின் அட்ஜஸ்டர் குறிகள் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா பாருங்க.

• பாரமான சாமானை முடிந்தவரை முன்னால், தாழ்வாக, இரண்டு பக்கமும் சமமாகக் கட்டுங்க. துணிமணி மாதிரி லேசானது மட்டும் மேலே, பின்னால் போகட்டும்.

அடிக்கடி வரும் சந்தேகங்கள்

ஏபிஎஸ் இருந்தா வாபிள் வராதா?

வரும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாமல் தடுப்பதுதான் ஏபிஎஸ்ஸின் வேலை. ஹேண்டில் ஆட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ஸ்டீயரிங் டேம்பர் போட்டுக்கலாமா?

அது ஆட்டத்தை அடக்கும், காரணத்தைச் சரிசெய்யாது. தேய்ந்த கோன் செட்டை வைத்துக்கொண்டு டேம்பர் போடுவது, காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுவிட்டு நோயை விடுவது போல. முதலில் டயர், பேரிங், லோடு. அதன்பின் தேவையா என்று பார்க்கலாம்.

ஸ்கூட்டரில் ஹைவே போகலாமா?

போகிறார்கள். ஆனால் 10, 12 இன்ச் சக்கரம் பள்ளத்தில் ஆழமாக இறங்கும், சக்கரத்தின் கைரோஸ்கோப் விளைவும் குறைவு, இன்ஜின் பின்னால் இருப்பதால் முன்பக்க எடையும் குறைவு. அதனால் பைக்கைவிடக் குறைவான வேகத்தில் போவதுதான் நல்லது.

கனமான பைக் என்றால் பயமில்லையா?

பக்கக் காற்றில் கொஞ்சம் உதவும். ஆனால் வாபிளும் வீவும் எல்லா எடை பைக்குகளிலும் வரக்கூடியவை. ஆரம்பித்துவிட்டால் கனமான வண்டியை அடக்குவது இன்னும் கஷ்டம்.

எந்த வேகம் பாதுகாப்பானது?

2018-ல் மத்திய அரசு வெளியிட்ட அறிவிப்பின்படி, நடுவே தடுப்பு உள்ள நான்குவழிச் சாலைகளில் பைக்குக்கான உச்ச வேகம் மணிக்கு 80 கி.மீ. அது உச்ச வரம்புதான், கட்டாயம் தொட வேண்டிய இலக்கு அல்ல. பின்னால் ஒரு ஆள், ஒரு மூட்டை, ஆடி மாசக் காற்று என்றால் உங்க வரம்பு அதைவிடக் கீழே இருக்க வேண்டும்.

சென்னையிலிருந்து திருச்சிக்கு ஏறத்தாழ 330 கி.மீ. முழுத் தூரமும் 80-ல் போனால் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். 70-ல் போனால் அதைவிட 35 நிமிடம் கூடுதல், அவ்வளவுதான். ஒரு டீ, ஒரு பன், டயரை ஒருமுறை தொட்டுப் பார்க்கும் நேரம்.

ஊரில் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு நீங்க எத்தனை மணிக்கு வந்தீங்க என்பது முக்கியமே இல்லை. வந்து சேர்ந்தீங்களா என்பதுதான் முக்கியம். அடுத்த முறை 60-ல் ஹேண்டில் லேசாக உதறினால் "பழகிடுச்சு" என்று விட்டுவிடாதீங்க. மறுநாள் காலையில் முதல் வேலையாக மெக்கானிக் கடைக்கு விடுங்க.